வயிற்றை நிரப்பி உயிரைப் பறித்த நார்டூ

ஓர் உணவு ஒரு கூட்டத்தாருக்கு உயிர் கொடுக்கிறது. அதே உணவு வெளியிலிருந்து வந்தவர்களை மெலியச் செய்து மாய்க்கிறது. இப்படியும் நடக்குமா? ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டில் 1861ஆம் ஆண்டில் நடந்தது.

அக்கண்டத்தைத் தெற்கிலிருந்து வடக்காகக் கடப்பதற்காக, ராபர்ட் பர்க் என்பவரின் தலைமையில் ஒரு குழு 1860 ஆகஸ்டு 20ஆம் நாள் மெல்போர்னிலிருந்து புறப்பட்டது. இதற்கென இந்தியாவிலிருந்து ஒட்டகங்கள்கூட வரவழைக்கப்பட்டிருந்தன. வழியில் கூப்பர் ஓடைக்கரையில் ஒரு முகாம் அமைக்கப்பட்டது. அங்கிருந்து பர்க், வில்ஸ், கிங், கிரே ஆகிய நால்வர் மட்டும் வடக்கே சென்று, 1861 பிப்ரவரியில் வட கடலோரத்தை நெருங்கினர். திரும்பும் வழியில் கிரே இறந்தார். மற்ற மூவரும் ஏப்ரல் 21ஆம் நாள் மாலை முகாமை அடைந்தபோது அங்கு எவருமில்லை. நான்கு மாதங்களுக்கு மேல் காத்திருந்தவர்கள் அன்று காலையில்தான் புறப்பட்டுப் போயிருந்தனர்!

முகாமில் விட்டுச்சென்றிருந்த உணவு நெடுநாள் போதவில்லை. அவ்வோடைக்கரையில் வாழ்ந்த யாண்ட்ருவாந்தா மக்கள் மூவருக்கும் மீனும், நார்டூ என்னும் மாவில் செய்த அடையும் கொடுத்து உதவினர். இந்த மாவு எதிலிருந்து கிடைக்கிறது என்பது பயணிகளுக்குத் தெரியவில்லை. ஏதோ மரத்தின் விதை என்றெண்ணித் தேடி அலைந்தனர். உண்மையில் நார்டூ தரையோடு வளரும் சிறு பெரணிச் செடி. நாம் சமைத்துண்ணும் ஆரைக்கீரையின் நெருங்கிய உறவு. அதைப் போலவே நான்கு சிற்றிலைகள் கொண்டது. அதன் அடியில் உண்டாகும், விதை போன்ற கடினமான சிறு உறைகளை அரைத்தே மாவு எடுத்தனர்.

மே மாதத்தில் பயணிகள் செடியைக் கண்டுகொண்டனர். நாள்தோறும் உறைகளைத் திரட்டி, இடித்து, மாவாக்கி உண்டனர். இனிப் பட்டினி இல்லை என்று நம்பினர். ஆனால் நடந்தது வேறு. நார்டூ சுவையாக இருக்கிறது, பசித்து உண்கிறோம், ஆயினும் உடலில் ஒட்டவில்லை என்று வில்ஸ் தம் நாட்குறிப்பில் எழுதினார். கால்கள் தள்ளாடின. அவருடைய நாடித்துடிப்பு 48ஆகக் குறைந்தது. ஜூன் இறுதியை ஒட்டி வில்ஸும், பின்னர் பர்க்கும் இறந்தனர்.

காரணம் என்ன? நார்டூவில் தயமினேஸ் என்னும் நொதி மிகுதியாக உள்ளது. இது தயமின் எனப்படும் பி1 வைட்டமினைச் சிதைத்துவிடும். மாவுப்பொருளிலிருந்து உடல் ஆற்றல் பெறவும், நரம்பும் இதயமும் சரிவர இயங்கவும் தயமின் இன்றியமையாதது. அது குறைந்தால் பெரிபெரி நோய் உண்டாகும். வைட்டமின் என்ற சொல்லே 1912இல்தான் பிறந்தது. 1861இல் இதை யார் அறிவார்? பர்க், வில்ஸ் ஆகியோரின் சாவில் பெரிபெரிக்குப் பெரும்பங்கு உண்டு என்று ஏர்ல், மெக்கிளியரி என்னும் ஆய்வாளர்கள் 1994இல் நேச்சர் இதழில் எடுத்துக்காட்டினர்.

அப்படியானால் யாண்ட்ருவாந்தா மக்கள் எவ்வாறு நலமாக வாழ்ந்தனர்? அவர்கள் நார்டூவை நிறைய நீர் விட்டுக் கல்லில் அரைத்தனர். இம்முறை நொதியின் கேட்டைக் குறைத்தது என்பது ஆய்வாளர்களின் கருத்து. மேலும், அவர்கள் நார்டூவை மட்டும் நம்பி வாழவில்லை. மீனும் பிற உணவுகளும் உண்டனர். பயணிகளோ மாவை எடுத்துக்கொண்டார்கள். அதைப் பக்குவம் செய்யும் முறையைக் கற்கவில்லை. கற்றுக்கொடுக்கக் கூடியவர்களைப் பர்க் நம்பவும் இல்லை. ஒருமுறை அவர்களுடைய தலைக்கு மேலாகத் துப்பாக்கியால் சுட்டு விரட்டினார்.

தனித்து நின்ற கிங் அம்மக்களையே நாடிச் சென்றார். அவர்கள் அவருக்கு உணவும் இடமும் தந்தனர். செப்டம்பர் 15ஆம் நாள் ஹோவிட் தலைமையில் வந்த தேடுதல் குழு அவரை உயிருடன் மீட்டது. கண்டத்தைக் கடந்த நால்வருள் பிழைத்தவர் அவர் ஒருவரே.

எழுத்தில் இல்லாவிட்டாலும், தலைமுறை தலைமுறையாகச் சோதித்துத் தேர்ந்த சமையல் முறையும் அறிவுதான். அந்த அறிவை மதித்து அம்மக்களிடம் சென்றவர் பிழைத்தார். அஞ்சி விலகியவர்கள், வயிறு நிறைந்திருந்தும் மாண்டனர்.