புல்வெளித் தெளிப்பானும் வீட்டு நீரழுத்தமும்

அமெரிக்கப் புறநகர் வீடுகளில் புல்தரையை நனைக்க மண்ணுக்கடியில் குழாய் பதித்துத் தெளிப்பான்கள் அமைப்பது பரவலான வழக்கம். இவற்றுக்கும் சமையலறை, குளியலறைக் குழாய்களுக்கும் பெரும்பாலும் தெருவிலிருந்து வரும் ஒரே இணைப்புதான். அதன் அழுத்தத்தை அளந்து, பங்கிட்டு, தேவைப்பட்டால் குறைப்பதே இந்த அமைப்பின் அடிப்படை. அங்கே அழுத்தத்தைச் சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்று, அதாவது பிஎஸ்ஐ அளவில் சொல்வார்கள். 1 அடி உயர நீர் 0.433 பிஎஸ்ஐ தரும். மொட்டைமாடித் தொட்டியை நம்பும் தமிழக வீட்டில் நீர்மட்டம் 20 அடி உயரத்தில் இருந்தாலும் 9 பிஎஸ்ஐக்கும் குறைவாகவே கிடைக்கும். மோட்டார் இல்லாமல் இவ்வகைத் தெளிப்பான் அங்கே வேலை செய்யாது.

நகரங்களுக்கு அழுத்தத்தோடு குழாய்நீர் வந்த பிறகே தெளிப்பான் பிறந்தது. 1869இல் சிகாகோவில் கட்டி முடிக்கப்பட்ட நீர்க்கோபுரம் அந்தக் காலத்தின் நல்ல சான்று. கோட்டை போன்ற சுண்ணாம்புக்கல் கட்டடத்துக்குள் 3 அடி விட்டமும் 138 அடி உயரமும் கொண்ட ஒற்றை இரும்புக் குழாய் நின்றது. நீராவிப் பம்புகளின் ஒவ்வொரு தள்ளலிலும் எழும் அதிர்வை அதன் நீர்மட்டம் ஏறி இறங்கித் தணித்தது. 138 அடி நீர் என்றால் ஏறக்குறைய 60 பிஎஸ்ஐ. இன்றும் அமெரிக்க வீடுகளுக்கு வழக்கமாக வரும் 40 முதல் 80 பிஎஸ்ஐயின் நடுப்புள்ளி அதுவே. 1871ஆம் ஆண்டுப் பெருந்தீயில் சுற்றுப்புறம் எரிந்தும் கோபுரம் தப்பியது. அதே ஆண்டில் பஃபலோ நகரத்து ஜோசப் லெஸ்லர் புல்வெளித் தெளிப்பானுக்குக் காப்புரிமை பெற்றார்.

அடுத்த பெரிய பாய்ச்சல் கலிபோர்னியாவின் க்ளெண்டோராவில், ஆரஞ்சு, எலுமிச்சைத் தோட்டங்களுக்கு நடுவே நிகழ்ந்தது. ஆர்ட்டன் எங்கிள்ஹார்ட் உருவாக்கி 1935இல் காப்புரிமை பெற்ற தெளிப்பானில், பீறிடும் நீர்த்தாரை சுருள்வில் பூட்டிய ஒரு கையைத் தள்ளும். வில் அதை இழுத்து வந்து தலையில் மோதவிடும். ஒவ்வொரு மோதலுக்கும் தலை சற்றே திரும்பும். அழுத்தத்தையே இயந்திரமாக்கிய இந்த எளிய அமைப்பை வியக்காமல் இருக்க முடியாது. அதன் உரிமையை வாங்கிய லஃபெட்ரா தம்பதியரின் கைகளில் ரெயின் பேர்ட் நிறுவனம் வளர்ந்தது. 1980களில் எட்வின் ஹன்டரின் நிறுவனம் கொண்டுவந்த பல்சக்கரத் தெளிப்பான் சத்தமில்லாமல் சுழன்றது.

அழுத்தம் அளக்கும் கேஜின் உள்ளே இருப்பது 1849இல் யூஜின் பூர்தோன் காப்புரிமை பெற்ற வளைகுழாய். வெளிப்புறக் குழாயில் கேஜைத் திருகி, வீட்டுக்குள் எல்லாவற்றையும் மூடிவிட்டுப் பார்த்தால் முள் 60இல் நிற்கலாம். இது நிலையழுத்தம். உள்ளே ஷவரைத் திறந்ததும் முள் சரியும். தெளிப்பானுக்குப் பயன்படுவது இந்த ஓட்ட அழுத்தமே. நிலையழுத்தத்தை மட்டும் பார்த்துத் தெளிப்பான் வாங்குவது தவறு. கூடவே வாளிச் சோதனையும் வேண்டும். 5 கேலன் வாளி, அதாவது சுமார் 19 லிட்டர், 30 விநாடியில் நிரம்பினால் நிமிடத்துக்கு 10 கேலன் வருகிறது.

வழியில் அழுத்தம் எப்படிக் கரைகிறது என்பதற்கு ஒரு கணக்கு: 60 பிஎஸ்ஐயில் தொடங்கி, தோட்டத்து நீர் குடிநீர்க் குழாய்க்குத் திரும்பாமல் காக்கும் பின்னோட்டத் தடுப்பானில் 12, மீட்டரில் 3, வால்வில் 4, குழாய் உராய்வில் 5, 7 அடி மேட்டுக்கு 3 எனக் கழித்தால் மிஞ்சுவது 33. நிலையாக நின்று விசிறும் தெளிப்பானுக்கு 30 போதும். சுழலும் தெளிப்பானுக்குப் பொதுவாக 45 வேண்டும். குழாயில் ஓட்டம் இரட்டித்தால் உராய்வு இழப்பு சுமார் மூன்றரை மடங்காகும். ஆகவே பூஸ்டர் பம்பைவிடப் புல்தரையைப் பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றாக நனைப்பதே சிறந்தது. 15 அடி வீச்சுள்ள அரைவட்டத் தெளிப்பான் ஒன்று நிமிடத்துக்குச் சுமார் 1.85 கேலன் எடுக்கும். 10 கேலன் வரும் வீட்டில் ஒரு பகுதிக்கு ஐந்து வைத்தால் விளிம்பைத் தொட்டுவிடும். நான்கோடு நிறுத்த வேண்டும். மீறினால் மண்ணிலிருந்து எழ வேண்டிய தெளிப்பான் தலைகள் பாதியளவே மேலெழும், அடியில் நீர் கசியும், வட்டங்களுக்கிடையே புல் காயும்.

அழுத்தம் மிகுந்தாலும் கேடுதான். 30க்குப் பதில் 70 பிஎஸ்ஐ வந்தால் ஒன்றரை மடங்கு நீர் வெளியேறி, அதில் ஒரு பங்கு பனிபோலச் சிதறிக் காற்றோடு தெருவுக்குப் போகும். 80ஐத் தாண்டினால் அழுத்தக் குறைப்பு வால்வு பொருத்தும்படி அமெரிக்கக் குழாய்ப்பணி விதிகள் சொல்கின்றன. வால்வு சட்டென மூடும்போது எழும் நீரடி குழாயை உலுக்காதிருக்க, நீரின் வேகத்தை விநாடிக்கு 5 அடிக்குள் வைப்பது நடைமுறை.

அழுத்தத்தை மிச்சப்படுத்தப் பின்னோட்டத் தடுப்பானை விட்டுவிடுவது மன்னிக்க முடியாதது. தெருக்குழாயில் அழுத்தம் விழும்போது உரமும் பூச்சிமருந்தும் கலந்த மண்நீர் குடிநீருக்குள் உறிஞ்சப்படும். குடிநீரில் அசுத்தம் கலந்தால் என்னாகும் என்பதற்கு ஒரு சான்று: 1933இல் சிகாகோ ஓட்டல்களில் குடிநீரும் கழிவுநீரும் கலந்து பரவிய அமீபா சீதபேதி ஏறக்குறைய நூறு உயிர்களைப் பறித்தது.

அண்மையில் அழுத்தச் சீராக்கியைத் தன்னுள்ளே கொண்ட தெளிப்பான்கள் பெருகியுள்ளன. விற்கப்படும் விசிறல் தெளிப்பான்களுக்குக் கலிபோர்னியா 2020 அக்டோபர் முதல் இதைக் கட்டாயமாக்கியுள்ளது.