கல்லிப்போலிக் களமும் அதன் காவலும்

கிலாபத் இயக்கம் நடைபெற்ற நாட்களைக் கண்ட நம் பாட்டனார் தலைமுறைக்குக் கல்லிப்போலி என்பது பழகிய பெயர். இஸ்தான்புல்லைக் கைப்பற்ற வந்த பிரிட்டிஷ், பிரெஞ்சுக் கப்பற்படைகளை டார்டனெல்ஸ் நீரிணையின் வாயிலிலேயே உதுமானியர் தடுத்து நிறுத்திய வரலாற்றை அவர்கள் பெருமிதத்தோடு சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆனால் போர் முடிந்து படைகள் கலைந்து சென்ற பின்னர் அந்த மண்ணுக்கு என்ன நேர்ந்தது? நூறாண்டுகளுக்கும் மேலாக அதனை யார், எவ்வாறு காத்து வருகின்றனர்? இவ்வினாக்களை நம்மவர் அதிகம் எழுப்பியதில்லை. வெற்றியைப் பாடுவது எளிது. வெற்றி கிடைத்த நிலத்தைப் பேணுவதோ தலைமுறை தலைமுறையாகத் தொடர வேண்டிய உழைப்பு.

நடந்ததைச் சுருக்கமாக நினைவுகூர்வோம். 1915 மார்ச் 18 அன்று நீரிணைக்குள் நுழைய முயன்ற பெருங்கப்பல்களுள் மூன்று, கண்ணிவெடிகளில் சிக்கி மூழ்கின. பத்து நாட்களுக்கு முன்னர் நுஸ்ரத் என்னும் சிறு கப்பல் ஓசையின்றி இட்டுச் சென்ற 26 கண்ணிகளே அதற்குப் பெரிதும் காரணமாயின. கடல்வழி அடைபட்டதால் ஏப்ரல் 25 அன்று தரைப்படைகள் இறங்கின. தெற்கு முனையில் பிரிட்டிஷாரும், மேற்குக் கரையில் ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படையினரும் இறங்கினர். எட்டு மாதங்களுக்கு மேல் போர் நீடித்தது. 1916 ஜனவரி 9இல் கடைசிப் பகைவனும் கப்பலேறினான். உதுமானியர் தரப்பில் போரில் மாண்டவர் மட்டும் 50,000த்துக்கும் மேற்பட்டோர்; எதிர்த்தரப்பில் 40,000த்துக்கும் மேற்பட்டோர். இத்தனை பேரும் மாண்டது, சில மைல் நீளமும் அகலமுமே கொண்ட குன்றுகளிலும் ஓடைப் பள்ளங்களிலும் ஆகும்.

அவர்கள் எவ்வாறு அடக்கப்பட்டனர் என்பதைத் தெரிந்துகொண்டாலன்றி அந்நிலத்தின் இயல்பு நமக்கு விளங்காது. 1915 மே 19 அன்று உதுமானியர் நடத்திய பெருந்தாக்குதல் தோற்றது. ஏறத்தாழ 3,000 வீரர்களின் உடல்கள் இரு தரப்புப் பதுங்குகுழிகளுக்கும் இடையே வெயிலில் கிடந்தன. நாற்றம் தாங்க இயலாமல், மே 24 அன்று காலை ஏழரை மணி முதல் மாலை நாலரை மணி வரை போரை நிறுத்த இரு தரப்பாரும் இசைந்தனர். அந்த ஒன்பது மணி நேரத்தில் கபுறு வெட்டிக் கபனிட்டு அடக்கம் செய்ய அவகாசம் ஏது? கிடந்த இடத்திலேயே ஆழமற்ற குழிகளில் பலரையும் ஒன்றாக இட்டு மண்ணைத் தள்ளினர். இது ஒரு நாளின் கதை. மற்ற நாட்களில் அந்த ஒன்பது மணி நேரமும் கிடைக்கவில்லை. ஆகவே அங்கே மையவாடி இது, வெற்று நிலம் இது என்று கோடு கிழித்துக் காட்ட முடியாது. நடக்கும் இடமெல்லாம் கபுறுஸ்தான்.

இந்த இடத்தில் உஹது நினைவுக்கு வருகிறது. அப்போரில் ஷஹீதானவர்களுள் சிலரை உறவினர்கள் மதீனாவுக்குள் கொண்டு வர முற்பட்டபோது, வீழ்ந்த இடத்துக்கே அவர்களைத் திரும்பக் கொண்டு செல்லுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். ஷஹீதின் மண் அவனுடைய மண் என்னும் முறை அன்றே நிலைபெற்றுவிட்டது. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் வரும் மற்றொரு செய்தியும் இங்குப் பொருத்தமானது. உஹதில் ஒரே கபுறில் அடக்கப்பட்ட அம்ரு இப்னுல் ஜமூஹ் (ரலி), அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) ஆகிய இருவரின் கபுறு வெள்ளம் பாயும் வழியருகே இருந்தது. நீர் மண்ணை அரித்ததால், 46 ஆண்டுகளுக்குப் பின்னர் அவர்கள் வேறிடத்துக்கு மாற்றப்பட்டார்கள். காரணமின்றி மாற்றவில்லை. காரணம் வந்தபோது வெள்ளம் அடித்துச் செல்லட்டும் என்று விட்டுவிடவுமில்லை. போர்க்களத்தைக் காப்போர் கற்க வேண்டிய அளவுமுறை இதிலேயே அடங்கியிருக்கிறது என்பது நம் எண்ணம்.

கல்லிப்போலியில் முதலில் முறையாகக் கபுறுகளைப் பேணியவர்கள் தோற்றுப்போனவர்களே. 1918இல் போர் ஓய்ந்ததும் பிரிட்டிஷார் திரும்பி வந்து தம்மவர் எலும்புகளைத் தேடினர். 1923ஆம் ஆண்டு லோசான் உடன்படிக்கையில் அந்நிலங்கள் கல்லறைகளுக்கென்று நிரந்தரமாக ஒதுக்கப்பட்டன. ஆஸ்திரேலியர் இறங்கிய அரிபுர்னுப் பகுதிக்கென்றே தனி விதி ஒன்று சேர்க்கப்பட்டது. இன்று அவர்களுக்கு அங்கே 31 கல்லறைத் தோட்டங்கள் உள்ளன. ஏறத்தாழ 22,000 பேருக்குக் கல்லறைகள் இருந்தும், பெயர் அறியப்பட்டவை 9,000 அளவுக்கே. வென்றவர்களின் நிலையோ வேறு. பல போர்களில் நொறுங்கிய ஒரு நாடு, உயிரோடிருப்போருக்குக் கூரை வேயவே திணறிக்கொண்டிருந்தது. மோர்ட்டோ விரிகுடாவின் மேலே ஷஹீதுகளுக்கான பெரிய நினைவுச் சின்னத்தின் பணி 1954இல்தான் தொடங்கிற்று. 41 மீட்டருக்கும் மேல் உயர்ந்து நிற்கும் அது 1960இல் திறக்கப்பட்டது.

1973ஆம் ஆண்டு துருக்கி அரசு தீபகற்பத்தின் தென்பகுதி முழுவதையும், ஏறத்தாழ 33,000 ஹெக்டேரை, வரலாற்றுத் தேசியப் பூங்காவாக அறிவித்தது. பூங்கா என்றதும் பூச்செடிகளையும் நீரூற்றுகளையும் வாசகர்கள் எண்ணிவிட வேண்டாம். குன்றும் புதரும், பதுங்குகுழிகளும், பழைய கோட்டைகளும், அவற்றினூடே உழுது பயிரிட்டு வாழும் கிராமங்களும் சேர்ந்ததே அது. துருக்கியில் தேசியப் பூங்கா ஒவ்வொன்றுக்கும் 'நெடுங்கால வளர்ச்சித் திட்டம்' என்றொரு ஆவணம் இருக்க வேண்டுமென்பது சட்டம். எங்கே கட்டலாம், எங்கே கட்டலாகாது, எந்தப் பாதை வண்டிக்கு, எது கால்நடைக்கு, எந்த நிலம் உழவனுக்கு என்பனவெல்லாம் அதில் வரையறுக்கப்படும். தாளில் எழுதுவது எளிதுதான். அல்சிதெப்பே போன்ற ஊர்களில், பால்கன் நாடுகளிலிருந்து வந்து குடியேறிய முஹாஜிர்களின் மக்கள் வாழ்கின்றனர். தன் வீட்டுக்கு ஓர் அறை சேர்த்துக் கட்ட விரும்பும் குடியானவனிடம், இது ஷஹீதுகளின் நிலம், பொறுத்திரு என்று எத்தனை ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருக்க முடியும்? இறந்தவரின் கண்ணியத்துக்காக இருப்பவரின் உரிமை எவ்வளவு குறுகலாம் என்பது திட்டம் வகுப்போருக்கு எங்கும் உள்ள சிக்கல்.

1994 ஜூலையில் பெருந்தீ மூண்டு 4,000 ஹெக்டேருக்கும் மேல் எரிந்தது. அப்பகுதியின் வனத்துறைத் தலைவரே தீயை அணைக்கச் சென்று உயிரிழந்தார். அத்தீ ஓர் உண்மையை வெளிப்படுத்திற்று. எரிந்த பைன் மரங்களுள் பெரும்பாலானவை 1915இல் அங்கே இருந்தவை அல்ல. போர் நடந்தது இடுப்பளவுப் புதர்களின் நடுவே. பசுமை செய்வது நன்மை என்று கருதி நட்ட காடு, தீக்கு எளிய இரையாயிற்று. அதுமட்டுமன்று. எந்தக் குன்றிலிருந்து எந்தப் பள்ளம் தெரிந்தது, ஏன் அந்தச் சரிவில் அத்தனை பேர் மாண்டனர் என்பவற்றைப் பார்ப்பவர் கண்ணுக்கு மறைத்தும் விட்டது. நன்னோக்கத்தோடு செய்யப்படும் காரியமும் வரலாற்றை மூடிவிடலாம்.

அதன் பின்னர் துருக்கியர் பெரிய அளவில் சிந்தித்தனர். அந்நிலத்தை உலக சமாதானப் பூங்காவாக அமைக்க அனைத்துலகப் போட்டி ஒன்று நடத்தப்பட்டது. 1998இல் நோர்வே நாட்டுக் கட்டடக் கலைஞர் இருவர் பரிசு பெற்றனர். அங்காராவிலுள்ள மத்தியகிழக்குத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் ராஜி பதெம்லி தலைமையில் திட்ட அலுவலகம் ஒன்றும் இயங்கியது. 2000ஆம் ஆண்டில் இக்களத்துக்கென்றே தனிச் சட்டமும் இயற்றப்பட்டது.

ஆயினும் 2005இல் என்ன நடந்தது? ஏப்ரல் 25 நினைவு நாளின் தொண்ணூறாம் ஆண்டு. ஆஸ்திரேலியாவிலிருந்து ஆயிரக்கணக்கானோர் வருவார்கள், பேருந்துகள் நிற்க வேண்டும் என்று கரையோரச் சாலை அகலப்படுத்தப்பட்டது. இயந்திரங்கள் சரிவை வெட்டின. எலும்புத் துண்டுகள் வெளிப்பட்டன என்ற செய்தி பரவியதும் ஆஸ்திரேலியச் செனட் சபை விசாரணை நடத்திற்று. வழி வேண்டுமென்று கேட்டவர்களும் அவர்களே, வெட்டினார்களே என்று வருந்தியவர்களும் அவர்களே! இறந்தவர்க்குக் கண்ணியம் செய்ய வந்தவர்களின் வசதிக்காக இறந்தவர் கிடந்த மண்ணே வெட்டப்பட்டது. மைய்யித்தின் எலும்புக்கு உயிருள்ளவனின் எலும்புக்குரிய மதிப்பே உண்டு என்று ஓதிக் கொடுக்கும் நமக்கு இச்செய்தி நெஞ்சை உறுத்துகிறது.

ஃபிக்ஹு நூல்களில் வக்ஃபைப் பற்றிய பாடத்தை நாம் மாணவர்க்கு ஓதிக் கொடுக்கையில், இரண்டு விதிகளைத் திரும்பத் திரும்பச் சொல்வதுண்டு. ஒன்று, வக்ஃபின் வருவாயில் முதற்செலவு அதன் பழுது பார்ப்பதற்கே. பயனாளிகளுக்குப் பங்கிடுவது அதன் பின்னரே. மற்றொன்று, முத்தவல்லி தம் விருப்பப்படி வக்ஃபின் உருவத்தை மாற்றலாகாது. வீட்டைத் தோட்டமாக்குவதும் தோட்டத்தை வீடாக்குவதும், அழகுக்காகவே ஆயினும், அவருக்கு உரியதன்று. இவ்விரு விதிகளையும் கல்லிப்போலிக்கு வைத்துப் பாருங்கள். ஒவ்வோர் ஆண்டும் மழை பதுங்குகுழிகளின் விளிம்பைக் கரைக்கிறது. பார்க்க வருவோரின் கால்கள் அவற்றை மிதித்துத் தூர்க்கின்றன. வருவாயின் முதற்பங்கு அந்த விளிம்புக்குச் செல்ல வேண்டும். ஆனால் உலகெங்கும் அரசுகள் புதிய நினைவுச் சின்னத்துக்கே முதலில் கல் நாட்டுகின்றன. பழுது பார்ப்பதற்குத் திறப்பு விழா இல்லையல்லவா?

உருவ மாற்றம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1992இல் 57ஆம் படைப்பிரிவுக்கென்று ஒரு கபுறுஸ்தான் கட்டப்பட்டது. ஏப்ரல் 25 அன்று முஸ்தபா கமால் முன்னணிக்கு அனுப்பிய புகழ்பெற்ற படைப்பிரிவு அது. அங்கே வரிசையாக நிற்கும் கற்களுள் பெரும்பாலானவை அடையாளத்துக்கே. அவற்றின் கீழ் உடல் இல்லை. பின்னர் வேறு இடங்களிலும் இத்தகையவை எழுந்தன. தம் பாட்டனாரின் பெயரைக் கல்லில் கண்டு கண்ணீர் விடும் பேரனை நாம் குறை கூறமாட்டோம். ஜியாரத்துக்கு ஓர் இடம் வேண்டும் என்பது மனித இயல்பு. ஆனால் ஐம்பதாண்டு கழித்து வருபவன் அதனை உண்மைக் கபுறென்றே நம்புவான். 1985இல் அரிபுர்னுக் கரையில், பகைவரின் தாய்மாருக்கு அதாதுர்க் 1934இல் ஆறுதல் கூறியதாக ஒரு வாசகம் கல்லில் பொறிக்கப்பட்டது. அவர் அவ்வாறு கூறினார் என்பதற்கு அக்காலத்துச் சான்று கிடைக்கவில்லை என்று ஆராய்ச்சியாளர் பின்னர் எடுத்துக்காட்டினர். ஹதீஸ் கலையில் இஸ்னாதைக் கேட்காமல் எதனையும் ஏற்காத மரபில் வந்த நாம், கல்லில் எழுதியதற்கும் இஸ்னாது கேட்பதில் தவறென்ன?

நம்பிக்கையூட்டும் பணிகளும் இல்லாமலில்லை. 2010 முதல் 2014 வரை துருக்கி, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து அறிஞர்கள் சேர்ந்து அரிபுர்னுக் குன்றுகளை அடி அடியாக நடந்து அளந்தனர். மண்ணைத் தோண்டவில்லை. புதருக்குள் மறைந்திருந்த பதுங்குகுழிகளையும் சுரங்கங்களையும் வரைபடத்தில் குறித்தனர். மேலே கிடந்த பொருள்களைப் பதிவு செய்தனர். ஒருகாலத்தில் எதிரெதிரே நின்ற இரு தரப்புக் குழிகளும் ஒரே தாளில் வந்தன. எது எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தானே எதைத் தொடக்கூடாது என்று தெரியும்!

செத்துல்பஹிர் கோட்டையையும் இங்கே சொல்ல வேண்டும். அரபி அறிந்தவர்க்கு அப்பெயரே பொருள் சொல்லும்: சத்துல் பஹ்ர், கடலை அடைக்கும் அணை. நான்காம் சுல்தான் முஹம்மதின் அன்னையாரான துர்ஹான் சுல்தான் என்னும் பெருமாட்டி பதினேழாம் நூற்றாண்டில் கட்டுவித்தது. 1914 நவம்பர் 3 அன்று பிரிட்டிஷ் கப்பல்களின் குண்டு பட்டு அதன் வெடிமருந்துக் கிடங்கு வெடித்தது. 1990களின் இறுதியில் அளவெடுக்கத் தொடங்கி, கால் நூற்றாண்டு பொறுமையாக ஆராய்ந்து, பழுது பார்த்து, 2023 மார்ச்சில் அதனைத் திறந்தனர். அவசரப்படாத வேலை என்றால் இதுவே.

2014இல் புதிய சட்டம் ஒன்றின் வழியே தேசியப் பூங்கா என்ற நிலை நீங்கி, பண்பாட்டு அமைச்சின் கீழ்த் தனித் தலைமையகம் ஏற்பட்டது. காடாகக் கருதப்பட்டது வரலாறாகக் கருதப்பட்டது நல்ல மாற்றமே. அதே ஆண்டில் உலக மரபுரிமைக்கான முன்மொழிவுப் பட்டியலிலும் அக்களம் சேர்ந்தது. 2022 மார்ச் 18 அன்று நீரிணையின் மேல் பெரும் பாலம் திறக்கப்பட்டதால் இஸ்தான்புல்லிலிருந்தும் அனத்தோலியாவிலிருந்தும் வருவது எளிதாகிவிட்டது. இனி வண்டிகள் பெருகும். 2005இல் கற்றது நினைவில் இருக்கிறதா என்பது அப்போது தெரியும்.

இறுதியாக, நம் நாட்டோடு தொடர்புடைய செய்தி ஒன்று. அக்களத்தில் பிரிட்டிஷ் கொடியின் கீழ் நம் நாட்டு முஸ்லிம்களும் இருந்தனர். முதலில் இறங்கிய இந்தியக் காலாட்படையில் 69ஆம், 89ஆம் பஞ்சாபிப் படைப்பிரிவுகள் இருந்தன. அவற்றில் முஸ்லிம்கள் பலர். கலீபாவின் படையை எதிர்த்து அவர்களை நிறுத்துவது தகாது என்றெண்ணி, 1915 மே மாதத்திலேயே ஆங்கிலத் தளபதிகள் அவ்விரு பிரிவுகளையும் திருப்பி அனுப்பிவிட்டனர். ஆனால் மலைப் பீரங்கிப் படையினர் அங்கேயே இருந்தனர். சீக்கியரும் பஞ்சாபி முஸ்லிம்களும் கலந்திருந்த கோஹாட் பீரங்கிப் படையும் ஜேக்கப் பீரங்கிப் படையும் அவை. ஜேக்கப் படை ஏப்ரல் 25 அன்றே கரையேறிற்று. பிரெஞ்சுப் படையிலும் செனகல் முஸ்லிம்கள் போரிட்டனர். குழியின் இரு பக்கமும் கலிமாச் சொன்னவர்கள்! இவர்கள் மனத்தில் என்ன ஓடியிருக்கும் என்பதை எந்த வரைபடமும் சொல்லாது.

தெற்கு முனையில், ஹெல்லெஸ் நினைவுச் சின்னத்தில், கபுறு அறியப்படாத 20,000த்துக்கும் மேற்பட்டோரின் பெயர்கள் கல்லில் வெட்டப்பட்டுள்ளன. இந்தியப் படையினரின் பெயர்களும் அங்கே உண்டு. ஷஹீதுகளின் நினைவுச் சின்னத்தைக் கண்டு துஆச் செய்யச் செல்லும் நம்மவர், அங்கிருந்து சில மைல் தூரமே உள்ள அந்தச் சுவர் வரைக்கும் சென்று, அந்தப் பெயர்களையும் ஒருமுறை படித்து வரட்டும்.