எவ்ரோ டாக்டரும் நம்மூர் தண்ணி வண்டும்

முதல் பெருமழை கொட்டிய இரவில் வாசல் விளக்கில் வந்து மோதி, பொத்தென்று விழும் கறுப்பு வண்டுகளை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். எண்ணெய் தடவியதுபோல் முதுகு பளபளக்கும். "தண்ணி வண்டுடா, கையில எடுக்காதே, குத்தும்" என்பார் அம்மா. உண்மைதான். பெரிய வகைக்கு நெஞ்சுக்கு அடியில் கூரான முள் ஒன்று உண்டு.

பள்ளிக்கூடத்தில் இதற்கு 'இத்ரோஃபில்' என்று பெயர் சொல்லிக் கொடுத்தார்கள். அந்தச் சொல் எங்களுக்கு ஏற்கெனவே பழக்கம். மருந்துக்கடைப் பஞ்சுப் பொட்டலத்தின் மேல் 'கொத்தோன் இத்ரோஃபில்' என்று அச்சிட்டிருக்கும். தண்ணீரை விரும்பும் பஞ்சு, தண்ணீரை விரும்பும் வண்டு! வகுப்பே சிரித்தது.

இந்தப் பெயரை 1762-இல் வைத்தவர் ஜொஃபுருவா என்ற பாரிஸ் மருத்துவர். அதற்கு முன் 1758-இல் லின்னேயஸ் இவற்றையும் வேட்டையாடும் நீர்வண்டுகளோடு ஒரே கூடையில் போட்டிருந்தார். இரண்டும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் கொஞ்ச நேரம் தண்ணீரில் விட்டுக் கவனித்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். வேட்டை வண்டு இரண்டு பின்னங்காலையும் சேர்த்துத் துடுப்புப் போடும். மூச்சு வாங்கப் பின்பக்கத்தை மேலே நீட்டும். நம்முடைய வண்டு கால்களை மாற்றி மாற்றி, தண்ணீருக்குள் நடப்பதுபோல் நீந்தும். மூச்சுக்குத் தலையைத்தான் மேலே கொண்டு வரும். குட்டையான உணர்கொம்பால் நீரின் மேற்பரப்பைக் கிழித்துக் காற்றை இழுத்து, வயிற்றடியில் உள்ள மெல்லிய ரோமங்களில் வெள்ளித் தகடுபோல் ஒட்டவைத்துக்கொண்டு கீழே போகும். வளர்ந்த வண்டு பெரும்பாலும் அழுகிய தழையைத் தின்று வாழும் சாது. ஆனால் அதன் புழுப்பருவம் படு முரடு, கண்டதையெல்லாம் பிடித்துத் தின்னும்.

விஷயத்துக்கு வருகிறேன். விலங்கியல் படிக்கும் என் பேரன் போன வருடம் ஒரு பழைய பிரெஞ்சுக் கட்டுரையைக் கைபேசியில் இறக்கி, "தாத்தா, இதைப் படித்துச் சொல்லுங்கள்" என்றான். 1903-இல் பிரான்ஸ் பூச்சியியல் சங்கத்தின் ஆண்டு மலரில் வந்தது. 'மோரிஸ் மேந்த்ரோன் தென்னிந்தியாவில் சேகரித்த நீர்வண்டுகள்' என்பது தலைப்பின் சாரம். எழுதியவர் எவ்ரோ என்ற ஊரில் மருத்துவம் பார்த்த மோரிஸ் ரெஜிம்பார்.

மேந்த்ரோனைப் பிரெஞ்சு படித்த பழைய ஆட்கள் சிலருக்காவது தெரிந்திருக்கும். சரித்திர நாவல்கள் எழுதியவர். கவிஞர் எரேதியாவின் மருமகன். நம் சோழமண்டலக் கரையில் சுற்றிய அனுபவத்தை 1907-இல் புத்தகமாகவும் போட்டார். அதே மனிதர்தான் வலையும் சாராயப் புட்டியுமாக நம் பக்கத்துப் பூச்சிகளைப் பிடித்துப் பாரிஸுக்கு அனுப்பியிருக்கிறார். சாராயம் பூச்சிக்குத்தான்!

படிக்கப் படிக்க எனக்கு என் ஆபீஸ் ஞாபகம் வந்துவிட்டது. பணிக்காலத்தில் பாதியைப் பிறப்பு இறப்புப் பதிவேடுகளோடு கழித்தவன் நான். புதிய இனத்தை 'விவரிப்பது' என்றால் கிட்டத்தட்ட ஒரு பிறப்புப் பதிவுதான். பெயர் வேண்டும், அடையாளங்கள் வேண்டும், எந்த ஊர், யார் பிடித்தது என்று வேண்டும். அளவு, நிறம், முதுகில் உள்ள புள்ளிக் குழிகளின் வரிசை, இவற்றை எழுதி அச்சில் வெளியிட வேண்டும். எந்த வண்டை வைத்து எழுதினாரோ அதை ஊசியில் குத்தி, சீட்டுக் கட்டி, பத்திரமாக வைக்க வேண்டும். பின்னால் சந்தேகம் வந்தால் அந்த வண்டே சாட்சி. ஒரே பூச்சிக்கு இருவர் இரண்டு பெயர் வைத்துவிட்டால் முந்தியது நிற்கும், மற்றது தள்ளுபடி. சீனியாரிட்டி லிஸ்ட்டேதான், சிபாரிசு செல்லாது.

பேரன் சொன்ன இன்னொரு விதியில்தான் நான் சற்று நின்றுவிட்டேன். முதலில் அச்சான எழுத்து எப்படியோ அப்படியே இருக்க வேண்டுமாம். அந்தக் கட்டுரையிலேயே அச்சுப்பிழை என்று தெளிவாகத் தெரிந்தால்தான் திருத்தலாமாம்.

என் அம்மா பெயர் வள்ளியம்மை. பிரெஞ்சுக்காரன் காலத்துப் பதிவேட்டில் 'வாலியாமே' என்று எழுதிவிட்டார்கள். அப்பா இறந்ததும் குடும்ப ஓய்வூதியத்துக்கு மனுப் போட்டோம். "வள்ளியம்மை வேறு, வாலியாமே வேறு" என்று ஓர் அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். பதினான்கு மாதம் அலைந்தோம். பதிவேட்டு குமாஸ்தாவின் அம்மா, தான் தான்தான் என்று நிரூபிக்க வரிசையில் நின்றார். கடைசியில் கோர்ட்டில் திருத்தத் தீர்ப்பு வாங்கித்தான் பணம் வந்தது. அவருக்கு அருகில் நிறுத்திச் சாட்சி சொல்ல ஊசியில் குத்திய வண்டு எதுவும் இல்லை.

ரெஜிம்பாருக்கு அந்தக் குறை இல்லை. 1908-இல் ஸைட்ஸெவ் என்ற ரஷ்யர் ஒரு நீர்வண்டுப் பேரினத்துக்கு 'ரெஜிம்பார்ட்டியா' என்று பெயர் வைத்தார். அதில் ஒரு வண்டை 1801-இலேயே விவரித்தவர் ஃபாப்ரிசியஸ். தரங்கம்பாடியிலிருந்து போன ஏராளமான பூச்சிகளுக்குப் பெயர் வைத்தவர் அவர். இந்த வண்டு 2020-இல் உலகப் புகழ் பெற்றது. ஜப்பானில் கோபே பல்கலைக்கழகத்தில் இதைத் தவளைக்குக் கொடுத்தார்கள். தவளை விழுங்கியது. வண்டு குடல் வழியாகவே நடந்து, பின்வழியாக உயிரோடு வெளியே வந்துவிட்டது! பத்தில் ஒன்பதுக்கு மேல் ஆறு மணி நேரத்துக்குள் தப்பின. காலை மெழுகால் ஒட்டி வைத்தவற்றில் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை.

அந்தக் கட்டுரைத் தலைப்பில் சேகரித்தவர் என்று ஒரே ஒரு பெயர்தான். ஏரியிலும் குளத்திலும் முழங்கால் சேற்றில் இறங்கியவர்கள் நம்மூர்ப் பிள்ளைகளாகத்தான் இருந்திருக்கும் என்பது என் ஊகம். ஆளுக்கு ஓரணா கிடைத்திருக்கலாம்.

சென்ற ஐப்பசி மழையில் விளக்கடியில் ஒரு வண்டு விழுந்தது. பழைய துணியால் பிடித்துக் கண்ணாடிக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி விட்டேன். தலையைத்தான் மேலே கொண்டு வந்தது. "இதற்குப் பெயர் என்ன தாத்தா?" என்றான் பேரன். பூதக்கண்ணாடியை எடுத்து வா என்றேன். அவன் வருவதற்குள் கரண்ட் போய்விட்டது. காலையில் கிண்ணம் காலி. இரவே பறந்துவிட்டிருக்கிறது.