செஞ்சி ஏரி மீன் வளர்ப்பு

விழுப்புரம் மாவட்டம் செஞ்சி வட்டாரத்தில், மழையை நம்பிய ஏரிகளில் நடக்கும் நன்னீர் மீன் வளர்ப்பு. வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பியதும் விரலளவுக் குஞ்சுகளை விடுவர்; கோடையில் நீர் வற்ற வற்றப் பிடிப்பர். மேல்மட்டத்தில் கட்லா, நடுவில் ரோகு, அடியில் மிர்கால் என இரை தேடுவதால் மூன்றும் ஒரே நீரில் வளரும். 1957இல் ஒடிசாவில் இவ்வகைக் கெண்டைகளுக்கு ஊக்குநீர் ஊசியிட்டு முட்டையிட வைத்த பின்னரே, ஆற்றுக் குஞ்சையே பெரிதும் நம்பியிருந்த நிலை மாறியது.

ஏரியை ஓராண்டுக்கு மட்டும் குத்தகை எடுப்பவருக்கு மறு ஆண்டு மீனைப் பற்றிக் கவலை எதற்கு? சிறுகண்ணி வலையால் குஞ்சையும் சேர்த்தே வழித்துவிடுவார். நீடித்த வளர்ப்புக்கு முதல் தடை இதுதான். அடுத்தது, தடைசெய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தி. மிகுநீர் வெளியேறும் கலிங்கல் வழியே தப்பினால் நாட்டு மீன்களைத் தின்று தீர்க்கும்.