பத்து மில்லியன் பிட்டுகளின் எல்லை



இன்றைய பதிவு வட்டுகளின் வரலாற்றைப் பற்றியது. பழைய பொருளாயிற்றே என்று எண்ண வேண்டாம். நம் பள்ளி ஆண்டுவிழாக்களின் ஒளிப்பதிவுகள் பல இன்னும் அவற்றில்தான் உறங்குகின்றன.

1993-இல் விசிடி வந்தது. பாட்டுக் கேட்கும் சிடியின் வேகத்திலேயே படத்தையும் ஓட்டியாக வேண்டும் என்பதால், படத்திற்குக் கிடைத்தது வினாடிக்கு ஏறத்தாழ 1.15 மில்லியன் பிட் மட்டுமே. வீட்டுக்காரர் அளந்து போடும் அரிசியைப் போல, எல்லா வினாடிக்கும் ஒரே அளவு. ஒரு வட்டில் 74 நிமிடம். அதனால்தான் ஒரு தமிழ்ப்படம் இரண்டு மூன்று வட்டுகளில் வந்தது. இங்கே தேர்வு செய்ய ஒன்றுமில்லை; கோளாறும் குறைவு.

அடுத்த வட்டுக்கு இரு அணிகள் போட்டியிட்டன. சோனியும் பிலிப்ஸும் ஒருபுறம். தோஷிபாவும் அதன் கூட்டாளிகளும் மறுபுறம். இரண்டு வகையை ஏற்கமாட்டோம் என்று கணினி நிறுவனங்கள் உறுதியாக நின்றதால் 1995-இல் இணக்கம் பிறந்தது. தோஷிபா அணியின் வட்டு 5 கிகாபைட் கொண்டது. பிழைகளை நன்கு தாங்கும் பிலிப்ஸின் குறியீட்டு முறையை ஏற்றதால் அது 4.7 ஆகச் சுருங்கியது. கொள்ளளவை விட நம்பகம் பெரிது என்று முடிவெடுத்தார்கள். என் பார்வையில் அது மிக நல்ல முடிவு. 1996 நவம்பரில் ஜப்பானில் டிவிடி விற்பனைக்கு வந்தது.

டிவிடியில் பிட் வீதம் காட்சிக்கேற்ப மாறலாம். ஒருவர் நின்று பேசும்போது குறைவாகவும், பலர் ஆடும்போது மிகுதியாகவும் செலவழிக்கலாம். ஆனால் எல்லை உண்டு: படத்திற்கு மட்டும் அதிகபட்சம் வினாடிக்கு 9.8 மில்லியன் பிட். படம், ஒலி எல்லாம் சேர்த்து 10.08 மில்லியன்.

2001-க்குப் பிறகு டிவிடி எழுதும் கருவிகள் மலிவாகத் தொடங்கின. சில ஆண்டுகளில் எங்கள் பள்ளி விழாவும் வட்டாக வந்தது. ஒரு கடையில் செய்து கொடுத்தார்கள். பேச்சுப் போட்டி தெளிவாக ஓடியது; நடனம் தொடங்கியதும் பெற்றோர் பலரின் வீட்டில் படம் சதுரம் சதுரமாகச் சிதறி நின்றது. தம் பிள்ளை மேடையேறிய அந்த மூன்று நிமிடம்தானே அவர்களுக்கு வேண்டியது! வட்டு மட்டம் என்றார் கடைக்காரர், பாதி உண்மை.

மீதியைக் கணக்கு சொல்லும். 4.7 கிகாபைட் என்பது 37,600 மில்லியன் பிட். ஒரு மணி நேரத்திற்கு, அதாவது 3,600 வினாடிக்கு வகுத்தால் 10.4 மில்லியன் கிடைக்கிறது. வட்டில் இடம் இருக்கிறதே என்று உச்ச அளவை வைக்கத் தோன்றும். படம் 9.8, சுருக்கப்படாத ஒலி 1.5, கூட்டினால் 11.3. எல்லை தாண்டிவிட்டது. (ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு இதையே கணக்காகக் கொடுக்கலாம்.)

எல்லைக்குள் இருந்தாலும் ஆபத்து உண்டு. ஆலையில் அச்சிட்ட வட்டில் நுண்குழிகள் இருக்கும். நாம் எழுதும் வட்டிலோ சாயப்படலமே உள்ளது. லேசர் தடுமாறினால் கருவி மீண்டும் படித்துப் பார்க்கும். அதற்குள் சேமிப்பில் உள்ள பிட்டுகள் தீர்ந்துவிட்டால் படம் நின்றுவிடும். வீதம் கூடக்கூட அந்த அவகாசம் குறைகிறது. பலமுறை எழுதும் வட்டின் ஒளித்திருப்பம் இன்னும் குறைவு. பழைய கருவிகள் அதனோடு போராடும்.

எனவே ஒன்றரை மணி நேர நிகழ்ச்சிக்குச் சராசரி 6, உச்சம் 8 மில்லியன், டால்பி ஒலி 0.2 அல்லது 0.4 என்று வைப்பது பாதுகாப்பானது. மூன்று மணி நேர விழாவானால் ஒரே வட்டில் திணிக்காமல் இரண்டாகப் பிரிப்பதே நலம். திணித்தால் வினாடிக்கு மூன்றரை மில்லியன்தான் தேறும், அதில் நடனம் கலங்கிவிடும்.

சாயம் காலப்போக்கில் மங்கக்கூடியது. பல வட்டுகளுக்கு இருபது வயதை நெருங்குகிறது. பள்ளி அலமாரியில் இருப்பவற்றை இவ்விடுமுறையிலேயே கணினிக்கு மாற்றிவிடுங்கள். மாற்றும்போது மறுபடியும் சுருக்காமல், 'வீடியோ டிஎஸ்' என்ற கோப்புறையை அப்படியே படியெடுங்கள். தொலைக்காட்சியில் நின்றுபோன வட்டும் கணினியில் முழுமையாகப் படிவதுண்டு. படியெடுக்கும்போது அடுத்த வினாடிக்குள் படத்தைக் காட்டியாக வேண்டிய அவசரம் இல்லை. கணினி பொறுமையாக மீண்டும் மீண்டும் படித்துப் பார்க்கும்.