கெடாத் தோட்டங்களில் சிலம்பப் பயிற்சி: திடலிலிருந்து திரைவரை

முன்னுரை

கெடா மாநிலத் தமிழர் வரலாற்றை எழுதப் புகுவோர் பலரும் கி.பி. 1025ஆம் ஆண்டில் இராசேந்திர சோழன் கடாரத்தின்மீது நடத்திய படையெடுப்பிலிருந்தே தொடங்குவர். பூஜாங் பள்ளத்தாக்கின் தொல்லெச்சங்களும் அவ்வாறு தொடங்குவதற்குத் துணைநிற்கின்றன. ஆயின் நாம் இங்கு எடுத்துக்கொள்ளும் கைக்கம்புக்கும் சோழர் வாளுக்கும் நேரான தொடர்பு எதனையும் நிறுவ இயலாது. சிலம்பத்திற்கு ஐயாயிரம் ஆண்டுக் கணக்குக் கூறும் மேடைப் பேச்சுகளை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், கெடாவில் இக்கலை வேரூன்றியது இரப்பர்த் தோட்டங்களோடுதான். 1909ஆம் ஆண்டுப் பாங்காக் உடன்படிக்கையின்வழிக் கெடா சயாமின் மேலாட்சியிலிருந்து ஆங்கிலேயரின் மேலாட்சிக்கு மாறிற்று. அதன்பின் சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம், பாடாங் செராய் வட்டாரங்களில் தோட்டங்கள் பெருகின. அங்குக் கங்காணிகளின்வழி வந்து சேர்ந்த உழைப்பாளர்கள் தம் ஊர்த் தெய்வத்தைக் கொண்டுவந்தது போலவே தம் ஊர்க் கம்படியையும் கொண்டுவந்தனர்.

இக்கலையின் பெருமையை எடுத்துரைப்பது எமது நோக்கமன்று. அதற்கு நூல்கள் பல உள்ளன. போட்டியிட்டு மோதும் திறனில் ஒருவர் எவ்வாறு தேர்ச்சி பெறுகின்றார் என்பதே எமது வினா. இவ்வினா இன்று எழுவதற்குக் காரணமுண்டு. கம்பைத் தொட மறுக்கும் மாணவர் டெக்கென், ஸ்ட்ரீட் ஃபைட்டர் முதலிய சண்டை வீடியோ விளையாட்டுகளில் மணிக்கணக்காக ஆழ்ந்துவிடுகின்றனர் என்னும் முறையீட்டைத் தமிழாசிரியர்களிடம் நாம் அடிக்கடி கேட்கின்றோம். ஒன்று மரபு, மற்றொன்று சீரழிவு என்று பிரித்துப் பேசுவது எளிது. பயிற்சி முறை என்னும் கோணத்தில் நோக்கினால் இவ்விரண்டும் ஒன்றையொன்று விளக்குகின்றன என்பதே எமது கருத்தாகும்.

திடலில் கற்பித்த முறை

தோட்டத்தில் நாள் விடியுமுன்னரே பிரட்டுக் களத்தில் தொடங்கிவிடும். பால்வெட்டு முடிந்து, பாலைச் சேர்த்துக் கொட்டகையில் ஒப்படைத்து வீடு திரும்பும்போது பொழுது உச்சியைத் தாண்டியிருக்கும். எஞ்சிய மாலைப் பொழுதே சிலம்பத்திற்குரிய காலம். லயத்தின் முற்றமோ மாரியம்மன் கோயில் திடலோ அதற்குரிய இடம். ஆசானும் பெரும்பாலும் பால்வெட்டுத் தொழிலாளியே. வெற்றிலை பாக்கும் காசும் வைத்து வணங்கிப் பாடம் தொடங்குவது மரபாக இருந்தது. கம்புக்குப் பஞ்சமில்லை, பிரம்பு மலாயாக் காடுகளில் எளிதில் கிடைத்தது. பயில்வோரின் நெற்றியளவு உயரத்திற்கு அதனை நறுக்கிக்கொள்வர்.

பாடத்தின் வரிசைமுறை ஈண்டுக் கூர்ந்து நோக்கத்தக்கது. முதலில் வருவது வீச்சன்று, காலடி. காலடிகளின் எண்ணிக்கையும் பெயரும் ஆசானுக்கு ஆசான் வேறுபடும். ஆயினும் கால் பழகாமல் கைக்குக் கம்பு வராது என்பதில் அவர்களிடையே வேறுபாடில்லை. இதற்குத் தெளிவான காரணமுண்டு. கம்பின் நீளம் மாறாதது. ஆகவே எதிராளியைத் தொட முடியுமா, அவர் தொடுவதிலிருந்து தப்ப முடியுமா என்பதைத் தீர்மானிப்பது இடைவெளி. அந்த இடைவெளியை ஆள்வது கால். கால்வைப்பும் வீச்சும் இணைந்து தன்னைச் சுற்றி ஒரு வெளியைக் காத்துக்கொள்வதையே ‘வீடு கட்டுதல்’ என்றனர். ‘வீடுகட்டி அடிப்பது’ என்று இன்று கேலியாக வழங்கும் தொடர் ஒரு நுட்பமான பாடத்தின் எச்சமென்பதைப் பலர் அறியார்.

அடுத்த படிநிலை அடியும் தடையும். ஒருவர் சொல்லிவைத்த இடத்தில் அடிக்க, மற்றவர் சொல்லிவைத்த முறையில் தடுப்பார். முதலில் மெதுவாகவும் பின்னர் விரைவாகவும் இது நூற்றுக்கணக்கான முறை நிகழும். இங்கே கைக்கு வேண்டிய பழக்கம் அமைகின்றது. அடி வரும் திசையை எண்ணிப் பார்த்துத் தடுக்க நேரமில்லை. எண்ணாமலே கை செல்லவேண்டும்.

மூன்றாவது படிநிலையே மோதல். இங்கே எதுவும் சொல்லிவைத்ததன்று. கம்பின் நுனியில் நிறப்பொடி தோய்த்து, உடலில் பதியும் தொடுகுறிகளைக் கொண்டு வெற்றியைக் கணிப்பது ஒரு முறை. கம்பைக் கைவிட்டவர் தோற்றார் என்பது மற்றொரு முறை. தொடக்கநிலையினர் எதிராளியின் கம்பு நுனியையே பார்த்துக்கொண்டிருப்பர். அது கண்ணுக்கு அகப்படாத வேகத்தில் செல்வதால் அடிபடுவர். தேர்ந்தவர் தோளையும் முன்காலையும் பார்ப்பார். கம்பு கிளம்புமுன் தோள் அசையும். தோள் அசையுமுன் கால் பாரத்தை மாற்றும். ஆகவே தேர்ச்சி என்பது விரைவாக எதிர்வினை ஆற்றுவது மட்டுமன்று. எதிராளி என்ன செய்யப்போகின்றார் என்பதை அவர் செய்யுமுன் படித்துவிடுவது.

இவ்வாறு படிப்பதற்கு ஒருவகை எதிராளி போதாது என்பது வெளிப்படை. ஒரே திடலில் பயில்வோர் ஒருவர் பழக்கத்தை மற்றவர் அறிவர். அங்குப் பெறும் வெற்றி பாதி நினைவாற்றலே. அயல்தோட்டத்துக் குழு திருவிழாவிற்கு வந்து நிற்கும்போதுதான் ஒருவரது உண்மையான தரம் புலப்படும். வேறு மாவட்டத்திலிருந்து வந்த ஆசானின் வழியில் வேறு காலடி, வேறு வீச்சு. திருவிழாவை நாம் பக்தியோடும் பொழுதுபோக்கோடும் மட்டும் தொடர்புபடுத்திப் பேசுகின்றோம். சிலம்பக்காரரைப் பொறுத்தவரை அது ஆண்டுத் தேர்வுமாகும். அத்தேர்வில் தோற்றவர் எந்த அடியில் தோற்றார் என்பதை ஆசான் கண்டு, மறுநாள் மாலை அதற்குரிய தடையைப் பயிற்றுவிப்பார். தோல்வியே அடுத்த பாடத்தை வகுத்தது.

தொண்டர் படையும் கம்பின்மீதான ஐயமும்

இத்திடலின் வரலாற்றில் 1946, 1947ஆம் ஆண்டுகள் தனித்து நிற்கின்றன. பீடோங்கை அடுத்த ஹார்வார்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமியின் தலைமையில் தோன்றிய தொண்டர் படை, கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்ற முழக்கத்தோடு கெடாத் தோட்டங்களில் பரவிற்று. 1943ஆம் ஆண்டு சுபாஷ் சந்திர போஸின் வருகைக்குப் பின் இந்திய தேசிய இராணுவத்தின் முகாம் ஒழுங்கைக் கண்டிருந்த இளைஞர்கள் தோட்டங்களில் இருந்தனர். அணிவகுப்பு, உடற்பயிற்சி, கட்டுப்பாடு ஆகியவை தோட்டத்து மாலைப்பொழுதிற்குப் புதியதொரு பொருளை அளித்தன. மைக்கேல் ஸ்டென்சன் போன்ற வரலாற்றாசிரியர்கள் இவ்வியக்கத்தை மலாயா இந்தியத் தொழிலாளர் எழுச்சியின் முக்கிய கட்டமாகக் கருதுவர். 1947ஆம் ஆண்டின் தொடக்கத்தில் காவல்துறையினருக்கும் தொழிலாளர்களுக்குமிடையே மோதல்கள் மூண்டு உயிரிழப்பும் நேர்ந்தது, இயக்கம் ஒடுக்கப்பட்டது.

தொண்டர் படையைச் சிலம்ப இயக்கமெனக் கூறுவது மிகையாகும். அதன் இலக்கு கள்ளொழிப்பும் தன்மதிப்புமே. ஆயினும் தோட்டத்து இளைஞர் மாலையில் ஒன்றுகூடி உடலைப் பயிற்றுவது நிர்வாகத்தின் கண்ணிலும் அரசின் கண்ணிலும் இனி வெறும் விளையாட்டாகத் தோன்றியிருக்க முடியாது. 1948ஆம் ஆண்டு சூன் மாதம் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1960ஆம் ஆண்டு சூலைவரை அது நீடித்தது. அக்காலத்தில் தோட்டத் தொழிலாளரின் லயங்கள் பல இடங்களில் ஒருங்கு சேர்க்கப்பட்டு முள்வேலிக்குள் வந்தன, ஊரடங்கும் நடப்பிலிருந்தது. அயல்தோட்டத்துக்குக் கம்போடு செல்வது அந்நாளில் எத்தகைய செயலாகக் கருதப்பட்டிருக்கும் என்பதை ஊகிப்பது அரிதன்று. திடலில் தனியே சுழற்றுவதற்குத் தடையில்லை. தோட்டம் கடந்து மோதுவதற்கே இடையூறு. மூன்றாம் படிநிலை முதன்முதலில் நலிவடைந்தது இங்கேதான் என்று கருத இடமுண்டு.

அடுத்த அடி நிலத்தின் வழியே வந்தது. 1950களில் தொடங்கிய தோட்டத் துண்டாடல் குடும்பங்களைச் சிதறடித்தது. அதனை எதிர்கொள்ளத் துன் வீ. தி. சம்பந்தன் 1960ஆம் ஆண்டில் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் முதன்முதலில் வாங்கிய தோட்டம் கெடாவின் புக்கிட் சீடிம் என்பது இம்மாநிலத்தார் பெருமையோடு நினைவுகூரும் செய்தி. ஆயினும் காலப்போக்கில் இரப்பர் செம்பனையாயிற்று, செம்பனை வீடமைப்பாயிற்று, 1996ஆம் ஆண்டில் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. தோட்டத்துப் பிள்ளைகள் தொழிற்சாலைப் பணியாளராயினர். முறைமாற்று வேலை செய்யும் இளைஞர்களுக்குப் பொதுவான மாலைப்பொழுது என்று ஒன்று இல்லாமற் போயிற்று. ஆசான் இருந்தார், மாணவனும் இருந்தான். அவர்கள் ஒரே நேரத்தில் ஓய்ந்திருக்கும் வாய்ப்பு இல்லை.

திரைக்குமுன் தோன்றிய திடல்

ஏறத்தாழ இதே காலத்தில்தான் சண்டை வீடியோ விளையாட்டுகள் நகரங்களில் பரவின. ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 1991ஆம் ஆண்டில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் இரண்டாம் பதிப்பை வெளியிட்டது. நாம்கோ நிறுவனத்தின் டெக்கென் 1994ஆம் ஆண்டில் வந்தது. இவ்விளையாட்டுகளைப் பொத்தானைக் கண்டபடி அழுத்தும் கேளிக்கை என்று எண்ணும் ஆசிரியர்களுக்காகச் சில செய்திகளைச் சற்று விரித்துரைக்க வேண்டியுள்ளது.

இவ்விளையாட்டுகளில் திரை நொடிக்கு 60 படங்களாக இயங்குகின்றது. விரைவான குத்து ஒன்று மூன்று அல்லது நான்கு படங்களில், அதாவது நொடியின் பதினைந்தில் ஒரு பங்கிற்குள் எதிராளியை எட்டிவிடும். மனிதக் கண் கண்டு கை இயங்குவதற்கு நொடியின் ஐந்தில் ஒரு பங்காவது வேண்டும். ஆகவே அக்குத்தைக் கண்டபின் தடுத்தல் இயலாது. தேர்ந்த ஆட்டக்காரர் இடைவெளியைக் காத்து நிற்பார். எதிராளியின் பழக்கத்தைப் படிப்பார். குத்து வருமுன் தடுத்திருப்பார். கம்பு நுனியைப் பார்க்காதே என்ற பாடம் இங்கே எண்ணளவில் மெய்ப்பிக்கப்படுகின்றது.

தொடரடி என்பது இரண்டாம் பதிப்பில் திட்டமிட்டு அமைக்கப்பட்டதன்று. தற்செயலாக நேர்ந்ததைப் படைப்பாளர்கள் நீக்காமல் விட்டுவைத்தனர். ஆட்டக்காரர்களே அதனைக் கண்டெடுத்துப் பயின்று கலையாக்கினர். ஓர் ஆசானும் இல்லாத நிலையில் அவர்கள் தாமே பாடத்திட்டம் வகுத்துக்கொண்டனர். ஓர் அசைவைத் தனியே நூறு முறை செய்தல், நண்பரைக் கொண்டு ஒரே தாக்குதலை மீளமீளத் தொடுக்கச் செய்து தடுத்தல், பின்னர்ப் புதியவரோடு மோதல், தோற்ற ஆட்டத்தை மறுபடி பார்த்தல் என அவர்கள் வந்து சேர்ந்த வரிசை நம் திடலின் வரிசையே.

2004ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடைபெற்ற ஈவோ போட்டியில் ஜப்பானியரான டைகோ உமேஹாரா இதற்கொரு சான்றை விட்டுச்சென்றார். அவரது பாத்திரத்திற்கு உயிர் இழையளவே எஞ்சியிருந்தது. சாதாரணத் தடுப்பிலும் அது போய்விடும். ஜஸ்டின் வோங் தொடுத்த பதினைந்து அடிகளையும் ஒவ்வொன்றாக, உரிய கணத்தில் முன்னோக்கி ஏற்று முறித்துத் திருப்பித் தாக்கி அச்சுற்றை வென்றார். அந்தப் பதினைந்து கணங்களும் பயிற்சியில் கைக்கு வந்தவை. முதல் அடி எப்போது வரும் என்பதோ பயிற்சியில் கிடைப்பதன்று. அது எதிராளியைப் படித்ததனால் வந்தது. அடியும் தடையும் என்ற இரண்டாம் படிநிலையையும் மோதல் என்ற மூன்றாம் படிநிலையையும் மாணவர்க்கு வேறுபடுத்திக் காட்ட இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு எமக்குத் தெரியவில்லை.

மற்றொரு நிகழ்வு நம் தோட்டப்புறத்துக்கு இன்னும் நெருக்கமானது. 2019ஆம் ஆண்டில் பாகிஸ்தானின் லாகூரைச் சேர்ந்த அர்சலான் ஆஷ், பிப்ரவரியில் ஜப்பானிலும் ஆகஸ்டில் லாஸ் வேகாஸிலும் நடந்த ஈவோ போட்டிகளில் டெக்கென் ஏழாம் பதிப்பின் வெற்றியாளரானார். உலகம் அதுவரை அந்நாட்டைப் பொருட்படுத்தியதில்லை. தம் ஊரில் தம்மையொத்த திறனாளர் இன்னும் பலர் உள்ளனர் என்று அவர் கூறியதை முதலில் எவரும் நம்பவில்லை. கொரியாவின் முன்னணி ஆட்டக்காரர் நீ அங்கே சென்று மோதிப் பார்த்த பிறகே நம்பினர். பெரும்பொருளும் நிறுவன ஆதரவும் இல்லாத ஊரில், நேருக்கு நேர் அமர்ந்து நாள்தோறும் ஒருவரையொருவர் தோற்கடித்துக்கொண்டிருந்த ஒரு கூட்டமே அவ்வெற்றியை உருவாக்கிற்று. வயது பற்றியும் ஒன்று சொல்லலாம்: 2023ஆம் ஆண்டு ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஸ்ட்ரீட் ஃபைட்டருக்கான தங்கத்தை வென்ற கொரியரான கிம் குவான்-வூவிற்கு அப்போது 44 வயது. எம் வயதினர்க்கு இது ஓர் ஆறுதல்.

பள்ளியில் எஞ்சியது

இன்று சிலம்பம் மீண்டும் மதிப்புப் பெற்று வருகின்றது. 2024 சனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுகளில் அது காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. மலேசியாவிலும் தமிழ்ப்பள்ளி மாணவர்கள் கம்பேந்தி மேடையேறுவதைக் காண்கின்றோம். ஆயின் பள்ளி விழாக்களில் நாம் காண்பது பெரும்பாலும் முதற்படிநிலையே: இசைக்கேற்ப வரிசையாக நின்று சுழற்றும் அலங்காரச் சிலம்பம். கண்ணுக்கு இனியது, காயம் நேராது, பெற்றோர் படமெடுக்க ஏற்றது. போட்டிகளில் தனித்திறன் பிரிவோடு தொடுமுறைப் பிரிவும் உண்டெனினும், அதற்கு மாணவரை ஆயத்தப்படுத்தப் பல பள்ளிகளில் எதிராளியே இல்லை. ஐந்து மாணவர் கொண்ட குழுவில் ஐவரும் ஒருவரையொருவர் மனப்பாடமாக அறிவர்.

திரையை நாடும் மாணவன் தேடுவது எதனை என்ற வினாவை இங்கே வைத்துப் பார்க்கவேண்டும். அவன் சண்டையை மட்டும் தேடவில்லை. தான் தேறிவிட்டோமா என்பதைக் காட்டும் எதிராளியைத் தேடுகின்றான். இணையம் அவனுக்கு அதனை ஒவ்வோர் இரவும் தருகின்றது. நம் திடல் ஆண்டுக்கொருமுறைகூடத் தருவதில்லை. திரையில் உடல் உழைப்பில்லை, கண் கெடுகின்றது, உறக்கம் கெடுகின்றது என்னும் ஆசிரியர்களின் கவலையை நாம் மறுக்கவில்லை. கம்பு தரும் கால்வலுவை எந்தப் பொத்தானும் தராது. ஆனால் அக்கவலையை மட்டும் சொல்லி மாணவனைத் திடலுக்கு அழைத்து, அங்கே அவனை இசைக்குச் சுழற்றவிட்டால் அவன் மீண்டும் திரைக்கே செல்வான்.

பாடாங் செராய், லூனாஸ், கூலிம் ஆகிய ஊர்களின் தமிழ்ப்பள்ளிகள் அரைமணி நேரப் பயணத்திற்குள் அமைந்தவை. இவற்றின் சிலம்பக் குழுக்கள் மாதமொருமுறை, தலைக்கவசமும் மார்புக்கவசமும் அணிந்து, பரிசும் மேடையும் இன்றி, ஒரு பள்ளித் திடலில் மோதிப் பார்க்கலாம். யார் எந்த அடியில் தொடப்பட்டார் என்பதை ஆசிரியர் ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்தால் அடுத்த மாதப் பயிற்சிக்கு அதுவே பாடத்திட்டமாகும். செலவு, மூன்று பள்ளிகளுக்கும் சேர்த்து ஒரு சிற்றுந்து வாடகை.