கேம்பஸா, அஃபிலியேட்டடா? நம்ம பல்கலைக்கழகங்களின் கதை

(எபிசோடின் ஒலிப்பதிவை எழுத்தாக்கி, வாசிப்புக்காகச் சற்றே சுருக்கியது.)

பிளஸ் டூ ரிசல்ட் வந்து, கட் ஆஃப் கணக்குப் போட்டு, ரேங்க் லிஸ்ட்டுக்குக் காத்திருக்கிற சீசன் இது. வருஷா வருஷம் இந்த நேரத்துல சொந்தக்காரங்க யாராவது எனக்கு போன் பண்ணிடுவாங்க. "தம்பி, அண்ணா யுனிவர்சிட்டி நல்லதா, அண்ணாமலை யுனிவர்சிட்டி நல்லதா?" சில பேருக்கு இது ரெண்டும் வேற வேறன்னே தெரியாது. ஒண்ணு சென்னை கிண்டி, இன்னொண்ணு சிதம்பரம். ஒண்ணு முதலமைச்சரா இருந்தவர் பேர், இன்னொண்ணு செட்டிநாட்டுச் செல்வந்தர் ஒருத்தர் பேர்.

இந்தக் கேள்விக்கு நேரா பதில் சொல்ல முடியாததுக்குக் காரணம், 'பல்கலைக்கழகம்'ங்கிற ஒரே சொல்லை நாம ரெண்டு வேற விஷயத்துக்குப் பயன்படுத்துறோம். ஒண்ணு, நீங்க போய் உட்கார்ந்து படிக்கிற இடம். இன்னொண்ணு, நீங்க வேற எங்கேயோ படிச்சாலும் சிலபஸ் போட்டு, பரீட்சை வெச்சு, டிகிரி தர்ற ஆபீஸ். கவுன்சிலிங்ல பேரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறவங்களுக்கு இதுல எது கிடைக்கப்போகுதுன்னு பேர் சொல்லாது. இந்தக் குழப்பம் இன்னிக்கு நேத்து வந்ததில்ல, 1857-லயே ஆரம்பிச்சது.

அந்த வருஷம் கல்கத்தா, பம்பாய், சென்னை மூணு ஊர்லயும் பல்கலைக்கழகம் வந்தது. மூணுக்கும் மாதிரி அப்போதைய லண்டன் பல்கலைக்கழகம். அதாவது பாடம் நடத்துறது கல்லூரிகளோட வேலை, தேர்வும் பட்டமும் பல்கலைக்கழகத்தோட வேலை. சென்னைப் பல்கலைக்கழகம் பிறக்கும்போதே 'ஆபீஸா'த்தான் பிறந்தது. 1923-ல ஒரு சட்டம் போட்டு, பல்கலைக்கழகமே பாடம் நடத்தணும், ஆராய்ச்சி பண்ணணும்னு மாத்தினாங்க. ஆனா வெளியூர்ப் பிள்ளைகளுக்கு அது கடைசி வரைக்கும் சர்டிபிகேட்ல இருக்கிற பேர்தான்.

அப்துல் கலாமையே எடுத்துக்கங்க. ராமேஸ்வரத்துல பிறந்து, திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில பி.எஸ்சி. இயற்பியல். அந்தக் கல்லூரி அப்போ இணைஞ்சிருந்தது சென்னைப் பல்கலைக்கழகத்தோட. ராமேஸ்வரத்துப் பையன் திருச்சியில படிச்சா மெட்ராஸ் பட்டம்! அவர் நிஜமாவே சென்னைக்குப் படிக்க வந்தது அதுக்கப்புறம், குரோம்பேட்டை எம்.ஐ.டி.க்கு. அங்க சேர ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டப்போ அக்கா ஜோஹரா நகையை அடகு வெச்சுக் கொடுத்ததை அவரே எழுதியிருக்கார். 1949-ல சி. ராஜம்ங்கிற தொழிலதிபர் ஆரம்பிச்ச அந்த எம்.ஐ.டி. அன்னிக்கு எந்தப் பல்கலைக்கழகத்துக்குக் கீழயும் இல்ல. பி.எஸ்சி. முடிச்சவங்களுக்கு டிப்ளமா கொடுத்துச்சு. பல்கலைக்கழகம்ங்கிற பேரே இல்லாத ஒரு இடத்துக்காக அடகுக்குப் போச்சு அந்த நகை.

பல்கலைக்கழகத்தை 'இடமா'க் கட்டணும்னு இங்க செஞ்ச முதல் பெரிய முயற்சி சிதம்பரம்தான். 1926-ல ஆந்திரப் பல்கலைக்கழகம் வந்ததும், தமிழ்ப் பகுதிக்கும் தனியா ஒண்ணு வேணும்கிற பேச்சு சூடுபிடிச்சது. ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1920-லயே சிதம்பரத்துல மீனாட்சி கல்லூரி தொடங்கியிருந்தார். அந்தக் கல்லூரியையும் கூடவே 20 லட்சம் ரூபாயையும் கொடுக்க, 1928-ல சட்டம் வந்து 1929-ல அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடங்கியது. மாணவர்கள் வளாகத்துலயே தங்கிப் படிக்கணும், பாடம் நடத்துற ஆசிரியரே வினாத்தாளும் போடணும், இணைப்புக் கல்லூரியே கிடையாது. 1966-ல மதுரைப் பல்கலைக்கழகம் வர்ற வரைக்கும் இப்போதைய தமிழ்நாட்டு எல்லைக்குள்ள இருந்தது இந்த ரெண்டுதான், சென்னையும் அண்ணாமலையும். அந்தத் தலைமுறை வீட்டை விட்டுப் போய் விடுதியில தங்க முடிஞ்சா சிதம்பரத்தைப் பார்த்தது, முடியலைன்னா பக்கத்து ஊர்க் கல்லூரியில மெட்ராஸ் டிகிரி.

இரண்டாவது பெரிய முயற்சி கிண்டி. கிண்டி பொறியியல் கல்லூரியோட வேர் 1794-ல கிழக்கிந்திய கம்பெனி தொடங்கின சர்வே பள்ளி வரைக்கும் போகும். (அது தனி எபிசோடுக்கான கதை, ஆசையா இருக்கு, ஆனா இன்னிக்கு வேண்டாம்.) 1978-ல அந்தக் கல்லூரி, ஏ.சி. டெக், எம்.ஐ.டி., கட்டடக்கலைப் பள்ளி நாலையும் சேர்த்துப் பேரறிஞர் அண்ணா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்னு ஒண்ணு உருவாச்சு. 1982-ல பேர் அண்ணா பல்கலைக்கழகம்னு சுருங்குச்சு. இதுக்கும் அப்போ இணைப்புக் கல்லூரிகள் கிடையாது. நாலு வளாகம், அவ்வளவுதான். அந்தக் காலத்துல ஒருத்தர் "நான் அண்ணா யுனிவர்சிட்டி"ன்னு சொன்னா மேற்கொண்டு ஒரு கேள்வியும் தேவைப்படல.

இதுக்கிடையில 1984-ல எம்.ஜி.ஆர். ஆட்சியில சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்குக் கதவு திறந்தது. அந்தக் கல்லூரிகளும், ஏற்கெனவே இருந்த அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளும் அந்தந்த வட்டாரப் பல்கலைக்கழகத்தோட இணைஞ்சிருந்தது. கோவைப் பக்கம் பாரதியார், திருச்சிப் பக்கம் பாரதிதாசன், மதுரையில காமராசர், தெற்கே மனோன்மணியம் சுந்தரனார். சிலபஸ் வேற, கேள்வித்தாள் வேற.

2001-ல அரசு இதை மொத்தமா மாத்துச்சு. மாநிலம் முழுக்க இருந்த பொறியியல் கல்லூரிகள் அண்ணா பல்கலைக்கழகத்துக்குக் கீழ வந்தது. 23 வருஷம் 'இடமா' இருந்தது, ஒரே உத்தரவுல 'ஆபீஸா'வும் ஆச்சு. நியாயமாப் பார்த்தா இதுல நல்லதும் இருந்தது. தன்னாட்சிக் கல்லூரிகளை விட்டுட்டா, கன்னியாகுமரியில எழுதுறவனுக்கும் சென்னையில எழுதுறவனுக்கும் அதே நாள், அதே கேள்வித்தாள். குடும்பத்துல முதல் பட்டதாரியா வர்ற ஒரு பொண்ணுக்குத் தன்னோட மார்க் இன்னொருத்தர் மார்க்குக்குச் சமம்னு நிரூபிக்க வேற வழியே தேவைப்படல. அதை நான் குறைச்சு மதிப்பிட மாட்டேன். ஆனா பேருக்கு இருந்த அடையாளம் போயிடுச்சு. "அண்ணா யுனிவர்சிட்டி"ன்னு சொன்னதும், "கேம்பஸா, அஃபிலியேட்டடா?"ன்னு அடுத்த கேள்வி வர ஆரம்பிச்சது இதுக்கப்புறம்தான்.

இனிமேதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. நூத்துக்கணக்கான கல்லூரிக்கு ஒரே ஆபீஸ் பரீட்சை நடத்துறது கஷ்டமா இருந்ததால, 2007-ல பிரிச்சாங்க. கோயம்புத்தூர், திருச்சி, திருநெல்வேலி மூணு இடத்துலயும் தனித்தனி அண்ணா பல்கலைக்கழகம். 2010-ல மதுரையும் சேர்ந்தது, பேரும் 'அண்ணா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்'னு மாறுச்சு. சென்னை வட்டாரக் கல்லூரிகளுக்கும் அதே மாதிரி தனியா ஒண்ணு போட்டுட்டு, பழைய அண்ணா பல்கலைக்கழகத்தைப் பழையபடி நாலு வளாகத்தோட நிறுத்தினாங்க. அதாவது மறுபடியும் அது 'இடமா' ஆச்சு, ரெண்டு வருஷத்துக்கு. ஆட்சி மாறுச்சு, 2012 ஆகஸ்ட்ல எல்லாத்தையும் திரும்ப ஒண்ணாச் சேர்த்தாச்சு. 500-க்கும் மேற்பட்ட கல்லூரிகள், ஒரே பேர்.

2009-ல கோவை வட்டாரத்துல ஒரு சுயநிதிக் கல்லூரியில சேர்ந்த ஒருத்தரை நினைச்சுப் பாருங்க. சேரும்போது அண்ணா பல்கலைக்கழகம் கோயம்புத்தூர். ரெண்டாவது வருஷத்துல அண்ணா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், கோயம்புத்தூர். கடைசி வருஷம் வெறும் அண்ணா பல்கலைக்கழகம். அவர் கல்லூரியும் மாறல, பெஞ்சும் மாறல. பல்கலைக்கழகம் மட்டும் ரெண்டு தடவை மாறிடுச்சு. சாஃப்ட்வேர்ல நாங்க இதைப் பண்ணினா, பிரைமரி கீயை ஏன் மாத்தினேன்னு டீம் லீட் உண்டு இல்லைன்னு ஆக்கிடுவார்.

நான் கவுன்சிலிங் போனது 2015-ல. அப்போ இன்னும் ஆன்லைன் வரல (அது 2018-லதான்). எல்லாரும் கிண்டிக்கு நேர்ல வரணும். எனக்கும் அப்பாவுக்கும் ராத்திரி பஸ், காலையில வளாகத்துலயே பல் தேய்ச்சது, மரத்தடியில கட்டுச்சோறு. ஹால்ல பெரிய திரையில ஒவ்வொரு கல்லூரிக்கும் எத்தனை சீட் பாக்கின்னு எண் ஓடும். நாம பார்த்துட்டு இருக்கும்போதே 3 இருந்தது 2 ஆகும். உள்ள கூப்பிட்டு ஒரு கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார வெச்சாங்க. நாலு வருஷத்தையும் முடிவு பண்ண சில நிமிஷம். நான் கேட்ட பிராஞ்ச் கேம்பஸ்ல காலி. இன்னொரு கல்லூரி பேரைச் சொன்னேன். அப்பா ஆபரேட்டர்கிட்ட மெதுவா கேட்டார், "இதுவும் அண்ணா யுனிவர்சிட்டிதானேங்க?" அவங்க திரையை விட்டுக் கண்ணை எடுக்காம சொன்னாங்க, "எல்லாமே அண்ணா யுனிவர்சிட்டிதான் சார்." அப்பாவுக்கு நிம்மதி. அவர் கேட்டது ஒரு கேள்வி, கிடைச்சது வேற ஒரு கேள்விக்கான பதில். ஆனா அந்தப் பதில்ல ஒரு பொய்யும் இல்ல.

சரி, சிதம்பரம் என்ன ஆச்சு? அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துல தேவைக்கு மேல பல ஆயிரம் பேர் வேலையில இருந்து, சம்பளம் கொடுக்கவே பணம் இல்லாத நிலை வந்து, 2013-ல தனிச் சட்டம் போட்டு அரசு ஏத்துக்கிட்டது. உபரியா இருந்தவங்களை அரசுக் கல்லூரிகளுக்கும் அலுவலகங்களுக்கும் அனுப்பினாங்க. ஆனா 'அரசுப் பல்கலைக்கழகம்'னு போர்டு மாறினதால மட்டும் கட்டணம் மாறிடல. அங்க இருந்த ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி மாணவர்கள், மற்ற அரசு மருத்துவக் கல்லூரிகள்ல வாங்குற கட்டணத்தை எங்ககிட்டயும் வாங்குங்கன்னு 2020 டிசம்பர்ல போராட உட்கார்ந்தாங்க. 2021-ல அந்தக் கல்லூரி சுகாதாரத் துறைக்கு மாறின பிறகுதான் அது தீர்ந்தது. கவுன்சிலிங்ல 'அரசு'ங்கிற சொல்லைப் பார்த்ததும் கட்டணம் குறைவுன்னு நினைக்கிறவங்க இந்தக் கதையை ஒருமுறை படிக்கணும்.

அதே 2021-ல இன்னொண்ணும் நடந்தது. கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி, மயிலாடுதுறை மாவட்டக் கலை அறிவியல் கல்லூரிகளை அண்ணாமலையோட இணைக்கச் சட்டத்தைத் திருத்தினாங்க. 92 வருஷம் இணைப்புக் கல்லூரியே இல்லாம இருந்த இடமும் ஆபீஸ் வேலையை ஏத்துக்கிட்டது. கிண்டிக்கு 2001-ல நடந்தது, சிதம்பரத்துக்கு 2021-ல. இதுல எனக்குப் பெரிய வருத்தம் உண்டு. தேர்வுக் கட்டணமும் இணைப்புக் கட்டணமும் வருமானம் தரும், பாடம் நடத்துறது செலவு வைக்கும். பணத்துக்குத் திண்டாடுற எந்தப் பல்கலைக்கழகமும் எந்தப் பக்கம் சாயும்னு சொல்ல நிபுணர் தேவையில்ல.

அதனால இந்த வருஷம் போன் பண்ணின மாமாவுக்கு நான் சொன்னது இதுதான். அண்ணாமலையோட பொறியியல் சீட்டும் இப்போ அதே டி.என்.இ.ஏ. கவுன்சிலிங்லதான் வருது, ரெண்டும் ஒரே லிஸ்ட்ல இருக்கும். பொண்ணுக்கு கிண்டி, ஏ.சி. டெக், எம்.ஐ.டி. கிடைச்சா யோசிக்கவே வேண்டாம். அது கிடைக்காம, சிதம்பரம் துறையா, பேரே கேள்விப்படாத ஒரு அஃபிலியேட்டட் கல்லூரியான்னு வந்தா, நான் சிதம்பரத்தைத்தான் மேல போடுவேன். அங்க பாடம் எடுக்கிறவரும் பேப்பர் திருத்துறவரும் ஒரே கட்டடத்துல இருக்காங்க. லேப் இருக்கு, லைப்ரரி இருக்கு. ஆனா கோவை ஜி.சி.டி. மாதிரி பழைய அரசுக் கல்லூரி கிடைச்சா கணக்கு வேற, அதை அண்ணாமலைக்கும் மேல போடலாம்.

மாமா எல்லாத்தையும் பொறுமையாக் கேட்டுட்டு, "சரிப்பா, சர்டிபிகேட்ல என்ன பேர் வரும்?"னு கேட்டார். அவர் கேட்டதும் தப்பில்ல. பொண்ணு பார்க்க வர்றவங்க வீட்டுல யாரும் லேப் எப்படி இருந்ததுன்னு கேட்கப் போறதில்லையே. சாய்ஸ் லிஸ்ட்ல அண்ணாமலை இப்போதைக்கு மூணாவது இடத்துல இருக்கு. லாக் பண்ண இன்னும் ரெண்டு நாள் பாக்கி.